நிலக்கரிக்குள் இருக்கும் கனிமங்களையும் சுவடுத் தனிமங்களையும் ஆராயப் புகுவோருக்கு

சீனாவின் தென்மேற்கே குய்சோ மாகாணத்தில் மிளகாய் அறுவடைக் காலம் குளிரும் ஈரமுமாக இருக்கும். வெயிலில் உலர்த்த வழியில்லாத கிராமத்து மக்கள், பறித்த மிளகாயை வீட்டுக்குள் கொண்டுவந்து, புகைபோக்கி இல்லாத நிலக்கரி அடுப்புக்கு மேலே காயவைத்தார்கள். அந்த வட்டாரத்தின் சில நிலக்கரிகளில் ஆர்செனிக் அளவு கடந்து இருந்தது. மிக மோசமான மாதிரியில் அது 35,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிபிஎம்), அதாவது எடையில் மூன்றரை சதவீதம். பறித்த நிலையில் 1 பிபிஎம்முக்கும் குறைவான ஆர்செனிக் கொண்டிருந்த மிளகாய், அடுப்புப் புகையில் காய்ந்த பிறகு சராசரியாக 500 பிபிஎம் ஆர்செனிக்கைச் சுமந்தது. உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்து, உடலில் கரும்புள்ளிகள் படர்ந்து, சிலருக்குப் புற்றுநோயாகவும் முற்றிய அந்த நஞ்சேற்றம் 3,000 பேருக்கும் மேலானோரைத் தாக்கியது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஃபின்கெல்மன், ஹார்வி பெல்கின் ஆகியோரும் சீன அறிவியலாளர் ஜெங் பாவ்ஷானும் 1999இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

ஃபின்கெல்மன் இந்த வேலைக்குத் திடீரென வந்தவர் அல்லர். நிலக்கரியில் சுவடுத் தனிமங்கள் எந்த வடிவத்தில் தங்கியிருக்கின்றன என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டு, 1980இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தவர். ஒரு தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து அட்டவணை போடுவதே வழக்கமாக இருந்த துறையில், அது எதில் இருக்கிறது என்ற கேள்வியை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தார். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் முதுகலை மாணவர்களும் இளம் ஆய்வாளர்களும் தங்கள் முதல் வேலையை எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பதை, அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: கருவியைத் தொடுமுன் கேள்வியை எழுதுங்கள்

சுவடுத் தனிமம் என்று பொதுவாகச் சொல்வது எடையில் 0.1 சதவீதத்துக்கும், அதாவது 1,000 பிபிஎம்முக்கும் குறைவாக இருப்பதைத்தான். நிலக்கரியில் இயற்கையாகக் கிடைக்கும் தனிமங்களில் பெரும்பாலானவற்றை இன்றைய கருவிகள் கண்டுபிடித்துவிடும். ஆகவே, “இந்தச் சுரங்கத்து நிலக்கரியில் என்னென்ன தனிமங்கள் உள்ளன” என்று தொடங்கினால் அறுபது பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை கிடைக்குமே தவிர ஆய்வு கிடைக்காது. அதே ஆர்செனிக், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமான பைரைட்டின் மணிகளுக்குள் இருந்தால், நிலக்கரியைக் கழுவும்போது அந்த மணிகளோடு அதன் ஒரு பகுதி வெளியேறும்; கரிமப் பொருளோடு அணு அளவில் பிணைந்திருந்தால் எத்தனை முறை கழுவினாலும் அசையாது. எரிக்கும்போது ஆவியாகுமா, சாம்பலில் தங்குமா, சாம்பல் குளத்திலிருந்து மழைநீரில் கரைந்து இறங்குமா என்பவையும் இருப்பிடத்தைப் பொறுத்தவையே. இந்தியாவிலேயே இதற்கு எளிய சான்று இருக்கிறது. அசாம், மேகாலய நிலக்கரிகளில் கந்தகம் மிகுதி. ஆனால் அதில் பெரும்பங்கு கரிமப் பொருளோடு பிணைந்த கந்தகம் என்பதால், பைரைட்டை நீக்கும் கழுவுமுறைகள் அங்கே பெரிதாக உதவுவதில்லை.

குய்சோவிலிருந்தே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே ஆர்செனிக்கைவிடப் பன்மடங்கு அதிகமான மக்களை, கோடிக்கும் மேலானவர்களை, ஃபுளோரின் மிகையால் பற்களும் எலும்புகளும் கெடும் நோய் தாக்கியது. அதற்கு நிலக்கரியே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. சீன நிலக்கரி ஆய்வாளர் டாய் ஷிஃபெங்கும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் மேற்குக் குய்சோவைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், அங்குள்ள நிலக்கரியில் ஃபுளோரின் ஏறத்தாழ உலகச் சராசரி அளவிலேயே இருப்பதையும், நிலக்கரித் தூளை உருண்டை பிடிக்கச் சேர்க்கும் களிமண்ணில்தான் அது மிகுதியாக இருப்பதையும் காட்டினார்கள். அடுப்புக்குள் போவது அனைத்தையும் அளந்து பார்க்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததால்தான் இது வெளிப்பட்டது. உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு தனிமத்தையோ ஒரு சிறு குழுவையோ எழுதி, அது எங்கிருந்து வந்திருக்கலாம், எதில் தங்கியிருக்கலாம், எந்தச் சோதனை அதை மெய்ப்பிக்கும் அல்லது மறுக்கும் என்று மூன்று வரிகள் எழுதிவிட்டுத்தான் சுரங்கத்துக்குக் கிளம்ப வேண்டும்.

கனிமங்கள் வந்து சேர்ந்த வழிகள்

இருப்பிடத்தைத் தேடுவதற்கு, கனிமங்கள் நிலக்கரிக்குள் எப்படி நுழைந்தன என்ற அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். நிலக்கரியாக மாறவிருந்த சதுப்பு நிலத்துக்குள் ஆறும் வெள்ளமும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் ஒரு வழி. குவார்ட்ஸ், களிமண், சிர்கான் மணிகள் இப்படி வந்தவை. அருகிலோ தொலைவிலோ வெடித்த எரிமலையின் சாம்பல் படிந்து, சதுப்பின் அமில நீரில் உருமாறி, கயோலினைட் என்ற களிமண் கனிமம் நிறைந்த மெல்லிய படலமாக நிற்பது இன்னொரு வழி. இப்படலத்தை டான்ஸ்டைன் என்பார்கள். விரலளவு தடிமனே இருந்தாலும் பல கிலோமீட்டர் தூரம் தொடர்ந்து ஓடும் என்பதால், படுகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அடையாளம் காண இது மிகவும் உதவும். சதுப்பிலேயே, சல்ஃபேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்களின் செயலால் பைரைட் படிகங்கள் ராஸ்பெரிப் பழத்தின் வடிவில் கொத்துக் கொத்தாக உருவாவதும் உண்டு. கடைசியாக, நிலக்கரி இறுகி வெடிப்பு விட்ட பிறகு, அந்த வெடிப்புகளின் வழியே ஓடிய நீர்க்கரைசல்கள் கால்சைட், பைரைட், கயோலினைட், ஸ்பேலரைட் போன்றவற்றைப் படியவைத்தன. ஒரே கனிமம் இருவேறு காலங்களில், இருவேறு வழிகளில் வந்திருக்கலாம். முதல் தலைமுறைப் பைரைட்டில் இல்லாத ஆர்செனிக் இரண்டாம் தலைமுறைப் பைரைட்டில் இருக்கக்கூடும்.

இரண்டாம் படி: மாதிரி எடுத்தல்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே சீராக வெந்த சோற்றுக்குப் பொருந்தும். நிலக்கரிப் படுகைக்கு அது பொருந்தவே பொருந்தாது. படுகையின் கூரைக்கு அருகே இருக்கும் ஒரு சாண் நிலக்கரியில் கந்தகமும் ஆர்செனிக்கும் குவிந்திருக்க, நடுப்பகுதி மிகத் தூய்மையாக இருக்கலாம். கடல்நீர் புகுந்த படிவுகள் மேலே மூடியிருக்கும் படுகைகளில் இந்த வேறுபாடு அடிக்கடி காணப்படும். எனவே கையில் அகப்பட்ட கட்டியை எடுத்துக்கொண்டு வரக்கூடாது. புதிதாக வெட்டப்பட்ட முகப்பில், கூரையிலிருந்து தரைவரை ஒரே அகலத்திலும் ஒரே ஆழத்திலும் வாய்க்கால் போல வெட்டி, விழும் அனைத்தையும் விரிப்பில் சேகரிக்க வேண்டும். இருப்பிடத்தை ஆராய்பவர் இதோடு நிற்காமல், கண்ணுக்குத் தெரியும் அடுக்குகளின்படி படுகையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிப் பையில் எடுப்பது நல்லது. கூரைப்பாறை, தரைப்பாறை, நடுவே ஓடும் களிப்படலங்கள் ஆகியவற்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அவை நிலக்கரி அல்ல என்று ஒதுக்கிவிட்டால், படுகைக்குள் தனிமங்கள் எங்கிருந்து இறங்கின என்ற கேள்விக்குப் பின்னர் விடையே கிடைக்காது.

முகப்பில் நிற்கும்போதே பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை எடுங்கள். ஒரு கட்டியை அதன் இயல்பான வெடிப்பு வழியே பிளந்தால், பளபளக்கும் கருமையின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டியதுபோன்ற மெல்லிய படலம் தெரியும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டதும் நுரைத்தால் அது கால்சைட். நுரைக்காமல், நகத்தால் சுரண்டினால் மாவுபோல வந்தால் பெரும்பாலும் கயோலினைட். பித்தளைத் தகடுபோல் மின்னுவது பைரைட். இந்த ஐந்து நிமிடப் பார்வையைக் குறிப்பேட்டில் அளவோடும் படத்தோடும் எழுதி வைத்தவருக்கு, ஆறு மாதம் கழித்துக் கருவி தரும் எண்கள் பேசும்.

பையைப் பற்றி என் அனுபவம் ஒன்று. தொடக்கக் காலத்தில், பைரைட் மிகுந்த மாதிரிகளைத் துணிப்பைகளில் கட்டி, காகித அடையாளச் சீட்டை உள்ளேயே போட்டு, ஒரு மழைக்காலம் முழுவதும் கிடங்கில் விட்டுவிட்டேன். திறந்தபோது கட்டிகளின் மேல் பழைய சுவரில் உப்புப் பூத்ததுபோல வெண்மையும் மஞ்சளுமான பொடி பூத்திருந்தது. சீட்டுகள் பழுத்து, தொட்டதும் உதிர்ந்தன. பைரைட் காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து இரும்புச் சல்ஃபேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறிவிட்டிருந்தது. அந்த மாதிரிகளில் எந்தக் கனிமம் இயற்கையானது, எது என் கிடங்கில் பிறந்தது என்று பிரிக்க முடியாமல் எல்லாவற்றையும் ஒதுக்க நேர்ந்தது. தடித்த பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடுங்கள், குளிரான இடத்தில் வையுங்கள், அடையாளத்தைப் பையின் வெளியே அழியாத மையால் எழுதுங்கள், கூடிய விரைவில் வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாம் படி: பொடிப்பதும் பங்கிடுவதும்

சுவடுத் தனிம ஆய்வுகளில் பல இங்கேதான் கெடுகின்றன. டங்ஸ்டன் கார்பைடு அரைக்கலன் டங்ஸ்டனையும் கோபால்ட்டையும் மாதிரியில் சேர்க்கும். எஃகுக் கலன் குரோமியத்தையும் நிக்கலையும் சேர்க்கலாம். துத்தநாகம் பூசிய வாளியும் ரப்பர் பொருள்களும் துத்தநாகத்தைத் தரும். துளையிட்டு எடுத்த மாதிரியானால், துளைச் சேற்றில் கலக்கப்படும் பேரைட் என்ற பேரியம் கனிமம் உங்கள் பேரியம் அளவை மெய்யைவிடப் பல மடங்கு உயர்த்திவிடும். அகேட் என்ற கடினமான சிலிக்காக் கல்லால் ஆன கலனில் அரைப்பது பாதுகாப்பானது. அது கிடைக்காவிட்டால் எந்தக் கலனில் அரைத்தீர்களோ அதைக் கட்டுரையில் எழுதி, அது சேர்க்கக்கூடிய தனிமங்களைப் பற்றி முடிவு சொல்லாமல் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தொகுதியின் தொடக்கத்திலும் தூய குவார்ட்ஸை அதே கலனில் அரைத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பினால், கலன் எவ்வளவு சேர்க்கிறது என்பது எண்ணாகவே தெரிந்துவிடும்.

அரைத்ததைப் பங்கிடும்போது கரண்டியால் அள்ளக்கூடாது. பைரைட்டின் அடர்த்தி 5, நிலக்கரியினுடையது 1.3 அளவு; ஆகவே புட்டியைக் கையால் தட்டியதுமே கனமான மணிகள் அடியில் இறங்கிவிடும். பொடியைப் பல வாய்க்கால்கள் வழியே இரு சம பங்காக விழச் செய்யும் ரிஃபிள் பிரிப்பானைப் பயன்படுத்துங்கள். அது இல்லாவிட்டால் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்க்கும் பழைய முறையே போதும். நுண்ணோக்கிக்கான பங்கை ஒரு மில்லிமீட்டர் அளவுத் துணுக்குகளாகவே நிறுத்திவிட்டு, வேதிப் பகுப்பாய்வுக்கான பங்கை மட்டும் 75 மைக்ரானுக்குக் கீழே பொடியாக்க வேண்டும்.

நான்காம் படி: சாம்பல் வேறு, கனிமம் வேறு

புதியவர்களிடம் நான் அடிக்கடி காணும் குழப்பம் இது. ஆய்வகத்தில் 815 டிகிரி செல்சியஸில் எரித்த பிறகு மிஞ்சும் சாம்பலை நிலக்கரியில் இருந்த கனிமங்கள் என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த வெப்பத்தில், குவார்ட்ஸ் போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலான கனிமங்கள் இருந்தபடி இருப்பதில்லை. கணக்காகப் பார்ப்போம். 100 கிராம் நிலக்கரியில் 10 கிராம் கயோலினைட், 3 கிராம் பைரைட், 2 கிராம் கால்சைட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கயோலினைட் தன் எடையில் சுமார் 14 சதவீதத்தை நீராக இழந்து 8.6 கிராம் ஆகும். பைரைட் கந்தகத்தை விட்டு இரும்பு ஆக்ஸைடாக மாறி 2 கிராம் ஆகும். கால்சைட் 44 சதவீதத்தைக் கார்பன் டை ஆக்ஸைடாக விட்டு 1.1 கிராம் ஆகும். 15 கிராம் கனிமம் 11.7 கிராம் சாம்பலாகக் குறைந்துவிட்டது. குறைந்ததோடு, மூன்றும் வேறு பொருள்களாகிவிட்டன. நடைமுறையில் சுண்ணாம்பு கொஞ்சம் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு கணக்கை இன்னும் சிக்கலாக்கும்.

கனிமங்களைச் சிதைக்காமல் கரிமப் பொருளை மட்டும் நீக்க, ஆக்சிஜன் பிளாஸ்மாவில் 200 டிகிரிக்கும் கீழே மெதுவாக எரிக்கும் முறை இருக்கிறது. நிலக்கரிக்கு இதை 1965இல் முறைப்படுத்திக் காட்டியவர் இல்லினாய் மாநிலத்தின் ஹரால்டு க்ளஸ்கோட்டர். ஒரு கிராம் நிலக்கரி முழுவதும் எரிய ஒரு நாளிலிருந்து பல நாள்வரை ஆகும். இடையிடையே வெளியே எடுத்துக் கிளறிவிட வேண்டும். பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் இதற்கு ஈடு இல்லை. கருவி கிடைக்காதவர்கள் 370 டிகிரியில் காற்றில் நெடுநேரம் எரித்துப் பார்க்கலாம். களிமண் பெரும்பாலும் தப்பும், பைரைட் தப்பாது என்பதை நினைவில் வையுங்கள்.

பழுப்பு நிலக்கரியோடு வேலை செய்பவர்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை தேவை. நெய்வேலியில் வெட்டப்படுவது போன்ற, எடையில் ஏறத்தாழ பாதி ஈரமாகவே இருக்கும் இளம் நிலக்கரிகளில் கால்சியம், மெக்னீசியம், சோடியம் ஆகியவற்றின் கணிசமான பங்கு எந்தக் கனிமத்திலும் இல்லாமல், கரிமப் பொருளின் அமிலத் தொகுதிகளில் அயனிகளாகத் தொற்றிக்கொண்டிருக்கும். குறைவெப்பத்தில் எரிக்கும்போது அந்தக் கால்சியம் கரிமக் கந்தகத்தோடு சேர்ந்து பாசனைட் என்ற, ஜிப்சத்தை ஒத்த சல்ஃபேட்டாக உருவாகிவிடும். எக்ஸ்-கதிர் வரைபடத்தில் அதைப் பார்த்து, “இந்தப் படுகையில் ஜிப்சம் இருந்தது” என்று எழுதிவிடாதீர்கள். எரிக்காத மாதிரியை முதலில் அம்மோனியம் அசிடேட் கரைசலில் ஊறவைத்துக் கழுவி, பிறகு எரித்துப் பாருங்கள். அயனிகள் முன்பே வெளியேறிவிடுவதால், எரிக்கும்போது புதிதாக உருவாகும் பாசனைட் பெரும்பாலும் மறைந்துவிடும். கழுவி எடுத்த கரைசலில் கால்சியத்தோடு சல்ஃபேட்டும் இருக்கிறதா என்பதையும் அளந்துவிட்டால், மெய்யான ஜிப்சம் கரைந்து போயிருக்குமோ என்ற ஐயமும் தீரும்.

ஐந்தாம் படி: எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவு

குறைவெப்பச் சாம்பலை எக்ஸ்-கதிர் கருவியில் ஓட்டினால் கனிமங்களின் பெயரும், முழு வரைபடத்தையும் கணித்துப் பொருத்தும் ரீட்வெல்ட் முறையால் அவற்றின் விகிதமும் கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் உருவான சிரோகுவாண்ட் மென்பொருள் நிலக்கரிக் கனிமங்களுக்கு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. வரைபடத்தின் முகடுகள் படிகத்தில் அணு அடுக்குகளின் இடைவெளியைக் காட்டுபவை. கயோலினைட்டின் முகடு 7.1 ஆங்ஸ்ட்ராம் அருகிலும், குவார்ட்ஸினுடையது 3.34இலும் எழும், பின்னதன் மேல் இல்லைட் என்ற களிமண் கனிமத்தின் ஒரு முகடும் வந்து விழும் என்பதால் ஒற்றை முகட்டை வைத்துக் கனிமத்தின் பெயரைச் சொல்லக்கூடாது. ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பவை இந்தக் கருவிக்குப் பெரும்பாலும் தெரியாது.

கிடைத்த விகிதத்தை அப்படியே நம்பாமல், அதிலிருந்து சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்ஸைடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அதே மாதிரியின் சாம்பலில் வேதிமுறையில் அளந்ததோடு ஒப்பிடுங்கள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் காலின் வார்டு தம் ஆய்வுகளில் வழக்கமாகச் செய்துவந்த சரிபார்ப்பு இது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தவறு எங்கோ இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

ஆறாம் படி: மணிகளைக் கண்ணால் பார்த்தல்

என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. துணுக்குகளை எபாக்ஸியில் வார்த்து, கண்ணாடிபோல மெருகேற்றி, முதலில் எதிரொளி நுண்ணோக்கியில் பாருங்கள். பிறகு கார்பன் பூச்சிட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு எடுத்துச் செல்லுங்கள். தங்கப் பூச்சு வேண்டாம். தங்கத்தின் எக்ஸ்-கதிர் முகடு கந்தகம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் முகடுகளோடு நெருங்கி வந்து குழப்பும்.

பின்சிதறல் எலக்ட்ரான் படத்தில் அணு எண் கூடக் கூட மணி வெளிச்சமாகத் தெரியும். கார்பனால் ஆன நிலக்கரி ஏறத்தாழ கறுப்பாகவும், களிமண்ணும் குவார்ட்ஸும் சாம்பல் நிறமாகவும், பைரைட் வெளுப்பாகவும் தோன்றும். இப்போது திரையின் ஒளியளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். களிமண் மறையும், பைரைட் மங்கும்; அமாவாசை வானத்தில் நட்சத்திரம்போல ஒன்றிரண்டு மைக்ரான் அளவுள்ள சில புள்ளிகள் மட்டும் எரிந்துகொண்டு நிற்கும். அந்தப் புள்ளிகள்தான் நீங்கள் தேடி வந்தவை: சிர்கோனியத்துக்குச் சிர்கான், அருமண் தனிமங்களுக்கு மோனசைட், துத்தநாகத்துக்கும் காட்மியத்துக்கும் ஸ்பேலரைட், ஈயத்துக்குக் கலீனா. அப்பலாச்சிய மலைப்பகுதி நிலக்கரிகளில் ஈயம் கந்தகத்தோடு சேராமல் செலினியத்தோடு சேர்ந்து கிளாஸ்தலைட் என்ற கனிமமாக இருப்பதை ஃபின்கெல்மன் இவ்வாறு மணி மணியாகத் தேடித்தான் காட்டினார்.

ஆயினும் கருவியின் எல்லையை அறிந்தே பேச வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு இணைந்த எக்ஸ்-கதிர் அளவிக்கு, ஓர் இடத்தில் சுமார் 0.1 சதவீதமாவது இருந்தால்தான் தனிமம் தெரியும். நிலக்கரியில் ஆர்செனிக் 20 பிபிஎம் என்றும், பைரைட் ஒரு சதவீதம் என்றும், ஆர்செனிக் முழுவதும் பைரைட்டிலேயே இருப்பதாகவும் கொண்டால், பைரைட்டில் அது 2,000 பிபிஎம், அதாவது 0.2 சதவீதம், எல்லையை ஒட்டித் தெரியலாம். பாதரசம் 0.1 பிபிஎம் என்றால் இதே கணக்கில் பைரைட்டில் 10 பிபிஎம்தான் வரும். எத்தனை மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. “பைரைட்டில் பாதரசம் காணப்படவில்லை” என்று அந்தக் கருவியை வைத்து எழுதுவது பிழை. அதற்கு லேசரால் மணியைச் சுரண்டி, வருவதைப் பிளாஸ்மாவில் அயனியாக்கி எடைவாரியாக அளக்கும் ஐசிபி-எம்எஸ் முறை வேண்டும். இன்னொன்று: கந்தகம், ஈயம், மாலிப்டினம் ஆகிய மூன்றின் முகடுகளும் 2.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஈயம் என்று எழுதுமுன் 10.5 அருகே அதன் இன்னொரு முகடு எழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: மொத்த அளவை அளத்தல்

பெரும்பாலான தனிமங்களுக்கு ஐசிபி-எம்எஸ் போதும். மாதிரியை நைட்ரிக் அமிலத்தோடும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தோடும் நுண்ணலை அடுப்பில் கரைக்க வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைப் பழகியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடவே கூடாது. அது தோலில் பட்ட உடனே வலிக்காமல் இருந்து, உள்ளே இறங்கி எலும்பையும் இதயத்தையும் தாக்கக்கூடியது. கால்சியம் குளுக்கோனேட் களிம்பு மேசையிலேயே இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று அறையில் உள்ள அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சாம்பலாக்கிய பிறகு கரைத்தால் வேலை எளிது; ஆனால் பாதரசம் முழுவதும் பறந்துவிடும், செலினியம், ஆர்செனிக், போரான் ஆகியவற்றிலும் இழப்பு நேரும். இவற்றை நிலக்கரியிலேயே அளக்க வேண்டும். பாதரசத்துக்கு, மாதிரியை எரித்து ஆவியை நேரடியாக அளக்கும் தனிக் கருவி மிக வசதியானது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கரைசலில் ஆர்கானும் குளோரினும் சேர்ந்து ஆர்செனிக்கின் எடையான 75இல் போய் நின்று போலி எண் தரும். பேரியம் மிகுந்த மாதிரியில் பேரியம் ஆக்ஸைடு யூரோப்பியத்தின் மேல் விழும். அதைக் கவனியாமல் “யூரோப்பியம் மிகை” என்று எழுதப்பட்ட முடிவுகள் திருத்தப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தொகுதியிலும் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் வெளியிடும் 1632 வரிசை நிலக்கரி போன்ற சான்றளிக்கப்பட்ட மாதிரி ஒன்றையும், வெறும் அமிலம் ஒன்றையும், உங்கள் மாதிரிகளில் ஒன்றை இரண்டாம் முறையும் சேர்த்து அனுப்புங்கள்.

எட்டாம் படி: கரைத்துக் கரைத்துப் பிரித்தல்

கண்ணுக்கு அகப்படாத தனிமங்களின் இருப்பிடத்தை மறைமுகமாக அறிய, ஒரே மாதிரியை அடுத்தடுத்து வெவ்வேறு கரைசல்களில் கரைக்கும் முறை ஒன்று அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்தது. அம்மோனியம் அசிடேட்டில் வெளிவருவது அயனியாகத் தொற்றியிருந்தது. அடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வருவது கார்பனேட்டுகளிலும் ஸ்பேலரைட், கலீனா போன்ற எளிய சல்ஃபைடுகளிலும் இருந்தது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் வருவது களிமண் முதலான சிலிகேட்டுகளுக்கு உரியது. இறுதியில் நைட்ரிக் அமிலத்தில் வருவது பைரைட்டுக்கு உரியது. எதிலும் வராமல் எஞ்சுவது கரிமப் பொருளோடு பிணைந்ததாகவோ, கரிக்குள் முற்றிலும் பொதிந்து அமிலம் எட்டாத நுண்மணியாகவோ இருக்கலாம். இந்தக் கடைசி ஐயம் மிக முக்கியமானது. ஆறாம் படியில் பார்த்த படங்கள் இல்லாமல் இந்த முறையை மட்டும் வைத்து முடிவு சொல்பவர்களை நான் நம்புவதில்லை. குய்சோவின் ஆர்செனிக் மிகுந்த சில நிலக்கரிகளில் ஆர்செனிக் கனிமங்கள் எதிர்பார்த்த அளவுக்கு நுண்ணோக்கியில் தென்படவில்லை. எக்ஸ்-கதிர் உறிஞ்சல் நிறமாலையும் சேர்ந்த பிறகே, அதன் பெரும்பகுதி ஆக்சிஜனோடு பிணைந்த வடிவில் கரிமப் பொருளோடு சேர்ந்திருக்கிறது என்ற முடிவுக்கு வர முடிந்தது.

ஒன்பதாம் படி: எண்களை வாசித்தல்

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். ரஷ்ய ஆய்வாளர்கள் கெட்ரிஸும் யூடோவிச்சும் 2009இல் உலக நிலக்கரிகளின் சராசரிகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். அதன்படி பாதரசம் 0.1 பிபிஎம் அளவு, ஆர்செனிக் 8 முதல் 9 பிபிஎம். உங்கள் எண் சராசரியைவிட இரு மடங்குக்குள் இருந்தால் இயல்பு என்றும், 5 மடங்கைத் தாண்டினால் செறிவு என்றும், 100 மடங்கைத் தாண்டினால் அசாதாரணம் என்றும் கொள்ளும் வழக்கம் இப்போது பரவலாக உள்ளது. சிறிய எண் என்று அலட்சியம் வேண்டாம்: பாதரசம் 0.1 பிபிஎம் கொண்ட நிலக்கரியை நாளொன்றுக்கு 10,000 டன் எரிக்கும் மின்நிலையத்துக்குள் ஒவ்வொரு நாளும் ஒரு கிலோ பாதரசம் நுழைகிறது. உங்கள் எண் காற்றில் உலர்ந்த நிலக்கரிக்கா, முற்றிலும் உலர்ந்ததற்கா, சாம்பலுக்கா என்பதை ஒவ்வோர் அட்டவணையின் தலைப்பிலும் எழுதுங்கள். இந்தியாவின் கோண்டுவானா நிலக்கரிகளில் சாம்பல் 35 முதல் 45 சதவீதம்வரை வருவது உண்டு. அந்த நிலையில் அடிப்படை மாறினால் எண் இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிடும்.

ஒரு தனிமம் சாம்பலோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது கனிமத்தில் இருக்கிறது என்று தொடர்புக் கெழுவை வைத்து எழுதுவது எளிது. பத்துப் பன்னிரண்டு மாதிரிகளை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். ஒரே ஒரு களிப்படல மாதிரி முழுக் கோட்டையும் தன் பக்கம் இழுத்துவிடும். கெழு சொல்வதைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, நுண்ணோக்கிப் படம், கரைப்புச் சோதனை ஆகிய இரண்டில் ஒன்றாவது அதை ஆதரிக்கும்போது எழுதுங்கள். செறிந்த தனிமம் எப்போதும் தீமை என்றும் எண்ண வேண்டாம். நிலக்கரிச் சாம்பலில் ஜெர்மானியம் இருப்பதைப் புவிவேதியியலாளர் கோல்ட்ஷ்மிட் 1930களிலேயே எடுத்துக்காட்டினார். இன்று சீனாவின் லின்சாங்கிலும் உலன்டுகாவிலும் நிலக்கரியை எரித்து, ஆவியாகிப் பறக்கும் சாம்பலில் படியும் ஜெர்மானியத்தைப் பிரித்து எடுக்கிறார்கள். அது கரிமப் பொருளோடு பிணைந்திருப்பதாலேயே எரிக்கும்போது எளிதாக வெளியேறிச் சாம்பலில் சேர்கிறது.

வேலை முடிந்ததும் மிச்சப் பொடியைக் கொட்டிவிடாமல், ஒவ்வொரு மாதிரியிலும் குறைந்தது ஐம்பது கிராமை மூடிய புட்டியில் அடைத்து, படுகையின் பெயர், கூரையிலிருந்து அளந்த ஆழம், எடுத்த நாள், அரைத்த கலன் ஆகியவற்றை எழுதி, மெருகேற்றிய வார்ப்புகளோடு சேர்த்து அலமாரியில் வையுங்கள். உங்கள் முடிவை ஐயுற்று இன்னொருவர் பத்தாண்டு கழித்து வந்து கேட்டால், அந்தப் புட்டியை எடுத்து அவர் கையில் கொடுக்க முடிய வேண்டும்.